ஒரு மணித்தியாலக் கடல்

கலியாணக் காட் வந்த விதமே ஜெயந்தாவுக்குப் பிடிக்கவில்லை. நெடுந்தீவு லோஞ்சில் வேலை செய்யும் அம்புறோஸ், குறிகட்டுவான் துறையில் லோஞ்சைக் கட்டிவிட்டு, சைக்கிளில் புங்குடுதீவுக்குள் வந்து, படலையில் ஒரு காலை ஊன்றியபடி, அவளுடைய அக்கா கொடுத்துவிட்ட அதை நீட்டினார்.

"அக்கா, கொக்கா தந்துவிட்டவா. இளையவளுக்கு ஆவணியில கலியாணமாம்."

"ஏன், அவ வரேல்லையோ?"

"எனக்கென்ன தெரியும்? குடுக்கச் சொன்னவா, கொண்டு வந்தனான்."

மாப்பிள்ளை பகுதி வெளிநாடு என்றபடியால் நாலு மாதம் முன்னமே காட் அடித்துவிட்டார்கள். அழகான காட். தங்க எழுத்து, உள்ளே மெல்லிய கடதாசி. ஆனால் தீவுப்பகுதியில் காட் என்பது பேருக்குத்தான். நெருங்கின சொந்தத்துக்கு வீடு தேடி வந்து, வெற்றிலைத் தட்டத்தை நீட்டி, வாயால் சொல்ல வேண்டும். அயலட்டைக்கு ஆள்மூலம் கொடுத்துவிடலாம், கந்தோரில் கூட வேலை செய்கிறவர்களுக்குத் தபாலில் போடலாம். கூடப்பிறந்த தங்கைக்கு அப்படிச் செய்தால், வந்தால் வா, வராவிட்டால் போ என்று முகத்துக்கு நேரே சொன்னதுதான்.

ஜெயந்தா காட்டைத் தையல் மெசினுக்கு மேல் எறிந்தாள். அவளுடைய கணவர் தில்லையம்பலம், யாழ்ப்பாணம் குறிகட்டுவான் பஸ்ஸில் இருபத்தெட்டு வருடம் கொண்டக்டராக இருந்து இளைப்பாறியவர், அதை எடுத்து ஆறுதலாக வாசித்தார்.

"கொக்காவில மட்டும் பிழை சொல்லாதையும். மூத்தவளின்ர கலியாணத்துக்கு நீர் போகேல்லை. அவ எங்கட மகள் கஜானின்ர கலியாணத்துக்கு வரேல்லை. இந்த முறையும் நீர் போகாட்டி, இனி ஒருத்தியின்ர செத்தவீட்டிலதான் மற்றவ வந்து நிப்பா."

போக வேண்டும் என்று ஜெயந்தாவுக்கில்லாத ஆசையா? நெடுந்தீவு அவள் பிறந்த மண். குறிகட்டுவான் துறையில் ஏறினால் ஒரு மணித்தியாலக் கடல், அவ்வளவுதான். அந்த ஒரு மணித்தியாலம்தான் அவளால் ஏலாத காரியமாக இருந்தது. அது ஏன் என்று இந்த உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஐம்பத்தெட்டு வயது ஜெயந்தாவைத் தெரியாத பள்ளிக்கூடப் பிள்ளை புங்குடுதீவில் இல்லை. யூனிபோம் தைப்பவள். மடத்துவெளியிலிருந்து குறிகட்டுவான் வரைக்கும் யார் மெலிந்தார், யார் கொழுத்தார் என்பது அவளுடைய அளவுநாடாவுக்குத் தெரியும். தன்னுடைய விசயத்தை மட்டும் அவள் ஒருவருக்கும் விடவில்லை. பழைய சாரத் துணியை மடித்துத் தடிப்பாகத் தைத்து, அதைத் துவைத்து, படுக்கை விரிப்புக்கு அடியில் மறைத்துக் காயப் போட்டு, இப்படியே வருடக் கணக்காக ஓட்டிவிட்டாள். சிறுநீர் கட்டுப்படாது. இருமினால் கொஞ்சம் சலம் போகும். தும்மினால் கொஞ்சம். வாய்விட்டுச் சிரித்தால் சொல்ல வேண்டியதில்லை. சிரிப்பைக் கூட அளந்து சிரிக்கப் பழகியிருந்தாள் பாவி.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு சோளகக் காற்றுக் காலத்தில், அக்கா வீட்டில் மூன்று நாள் நின்றுவிட்டு லோஞ்சில் திரும்பி வந்தாள். கடல் மோசம். லோஞ்சு ஒவ்வொரு முறை தூக்கிக் குத்தும்போதும் அவளுக்குக் கட்டுப்படவில்லை. பாதிக் கடலில் சேலை நனைந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் தெரிந்த முகங்கள். அவள் என்ன செய்தாள் தெரியுமா? எழும்பி, தட்டுத்தடுமாறி, அலை தெறிக்கிற பக்கமாகப் போய் நின்றுகொண்டாள். தலையிலிருந்து கால்வரை கடல் தண்ணீரில் நனைந்தபடி துறையில் இறங்கினாள். "என்ன இது கோலம்?" என்று கேட்ட தில்லையம்பலத்திடம், "அலை அடிச்சுப்போட்டுது" என்றாள். அன்றோடு லோஞ்சு முடிந்தது.

ஏழு வருடத்துக்கு முன், அக்கா சறோஜினிதேவியின் மூத்த மகளின் கலியாணம் வந்தபோது காய்ச்சல் என்று சொன்னாள். "சரி, காய்ச்சல்காரி படுத்திரு" என்று அக்கா போனை வைத்துவிட்டாள். நாலு வருடத்துக்கு முன் கஜானியின் கலியாணத்துக்கு அக்கா வரவில்லை. முழங்கால் வருத்தமாம். மாட்டுக்குப் பின்னால் நாளுக்கு மூன்று கட்டை தூரம் ஓடுகிறவளுக்கு முழங்கால் வருத்தமாம்! ஜெயந்தா அன்றைக்கு அழுத அழுகையில் மணவறையிலேயே மூக்குச் சிவந்து நின்றாள்.

காட் வந்து ஒரு கிழமை அதைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள். வெட்கம் ஒருபக்கம் இழுத்தது, அக்கா ஒருபக்கம் இழுத்தாள். கடைசியில் அக்கா வென்றாள். அந்த மாதத்துக் கிளினிக்குக்குப் போய், இருமும்போது சலம் போகிறதோ என்று எத்தனையோ தரம் மிட்வைஃப் கேட்டு, அவள் எத்தனையோ தரம் இல்லையென்ற கேள்விக்கு, "ஓம்" என்று முதல்தரம் சொன்னாள். டொக்டர் பார்த்தார். இப்போதைக்கு ஒப்பரேசன் தேவையில்லை, தசைதான் பலம் கெட்டிருக்கிறது என்று சொல்லி, யாழ்ப்பாணத்தில் அந்தத் தசைப் பயிற்சிக்கென்றே இருக்கிற ஒரு பிசியோவிடம் கடிதத் துண்டு கொடுத்து அனுப்பினார்.

பிசியோ என்றால் யாரோ பெரிய மனிசி என்று நினைத்துப் போனவளுக்கு, கஜானியின் வயதில் ஒரு பிள்ளை கதிரையை இழுத்துப் போட்டது. பெயர் பிரியவதனி. வெட்கப்பட நேரம் தராமல் கதைக்கிற பிள்ளை.

"பிள்ளையைப் போட்டாட்டுற ஏணை இருக்கெல்லோ, அன்ரி? அது மாதிரித்தான் அடிவயித்துக்குக் கீழ ஒரு தசை எல்லாத்தையும் தாங்கிக்கொண்டிருக்கு. உங்கட ஏணை தொய்ஞ்சுபோச்சு."

"தொய்ஞ்ச துணியைத் திரும்ப இழுக்கேலாது பிள்ளை. நான் தையல்காரி."

"துணியை ஏலாது அன்ரி. தசையை ஏலும். மூண்டு மாசம் தாங்கோ."

மூன்று மாதம்! ஜெயந்தா மனதுக்குள் விரலை மடித்துப் பார்த்தாள். ஆவணி வரைக்கும் மட்டுமட்டாக இருந்தது.

பிரியவதனி உள்ளே சோதித்துப் பார்த்து, எந்தத் தசையை இறுக்குவது, எதைச் சும்மா விடுவது என்று காட்டிக் கொடுத்தாள். மேலே தூக்கி இறுக்கி ஐந்து எண்ணவேண்டும், பிறகு முழுதாகத் தளர விடவேண்டும். பத்துத் தரம், நாளுக்கு மூன்று முறை. மூச்சைப் பிடிக்கக் கூடாது. சலம் போகும்போது இடையில் நிறுத்திப் பழகவும் கூடாது, அது பிழையான பழக்கம். கதிரையை விட்டு எழும்பமுன் மூச்சை விட்டுக்கொண்டு எழும்ப வேண்டும். தண்ணி நிறைந்த கேத்திலுக்கு மேலே பாரமாக ஒன்றும் தூக்கப்படாது. வெளிக்குப் போகும்போது முக்கக் கூடாது, காலுக்குக் கீழே சின்னப் பலகை வைத்து முன்னுக்குச் சாய்ந்து இருக்க வேண்டும். எட்டுப் பேணி தண்ணி, கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க. இன்றைக்கும் நாளைக்கும் மெல்லிய நோ இருந்தால் பயமில்லை. காய்ச்சல், எரிவு, இரத்தம், சலம் போகாமல் அடைக்கிறது, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதித் தந்தாள். ஜெயந்தா அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கணவரிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. வீட்டில் தண்ணி தூக்குகிறது யார், மா இடிக்கிறது யார்? குசினி வாசலில் நின்று, சுவரைப் பார்த்தபடி நாலு வசனத்தில் சொல்லி முடித்தாள்.

"அப்ப அண்டைக்கு லோஞ்சில..."

"ஓம்."

"அலை அடிச்சதெண்டனீர்."

"அலையும் அடிச்சதுதான்."

மனிசன் கடகத்தை எடுத்துக்கொண்டு முருங்கையிலை முறிக்கப் போய்விட்டார். அன்று மத்தியானம் அவர் வைத்த கறியில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது. ஜெயந்தா மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

இப்படித்தான் அவளுடைய வாழ்க்கையில் இரண்டாம் தரம் ஓய்வு என்று ஒன்று வந்தது. முதல் தரம் எண்பத்தெட்டில், மூத்தவன் சுஜிதன் பிறந்தபோது. அம்மா அப்போது இல்லை. ஆறு வயது மூத்த சறோஜினிதேவிதான் நெடுந்தீவு வீட்டில் வைத்துப் பிள்ளைப்பேறு பார்த்தாள். வேப்பிலையும் ஆமணக்கிலையும் போட்டு அவித்த தண்ணீரைத் தலையிலிருந்து வார்ப்பாள். சூடு பொறுக்காமல் ஜெயந்தா கத்தினால், "கத்து, ஊர் கேக்கட்டும்" என்று இன்னொரு செம்பு வார்ப்பாள். சுறாப் புட்டு, மிளகும் மல்லியும் அரைத்த சரக்குக் கறி, அவித்த முட்டை. தங்கையின் கோப்பை வெறுமையாகும்வரை முன்னால் குந்திக்கொண்டு இருப்பாள். ஒருநாள் ஜெயந்தா இரகசியமாகப் போய்க் கிணற்றில் ஒரு வாளி அள்ளிவிட்டாள். அக்கா கண்டுவிட்டாள்.

"முப்பத்தொண்டு நாள் முடியமுதல் உந்தக் கயித்தைத் தொட்டியோ, கையை முறிப்பன்!"

அந்த ஏச்சை இப்போது நினைத்தாலும் ஜெயந்தாவுக்கு நெஞ்சு இனித்தது. அப்படி ஏசுவதற்கு ஒருத்தி இருந்த காலம். கல்வேலிக்கு மேலால் வெயில் சரியும்போது இருவரும் பாயில் இருந்து, பிள்ளையை ஏணையில் ஆட்டிக்கொண்டு, எதற்கென்றில்லாமல் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அளக்காமல் சிரித்த சிரிப்பு.

கஜானி பிறந்தபோது அக்கா இல்லை. தொண்ணூற்றொன்றில் சண்டைக்கு இடம்பெயர்ந்து, யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் எட்டுக் குடும்பத்தோடு இருந்தார்கள். நெடுந்தீவு அக்கரையில் தனியாகக் கிடந்தது, போக்குவரத்தில்லை, கடிதமில்லை. பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள் ஜெயந்தா இரண்டு கையிலும் வாளியோடு, தெருமுனைக் கிணற்றிலிருந்து தண்ணி தூக்கினாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்க ஆளில்லை. அன்று தொய்ந்த ஏணைதான் இது என்று பிரியவதனி சொல்லாமலே அவளுக்கு விளங்கியது. அக்கா இருந்திருந்தால் கையை முறித்திருப்பாள்.

முதல் இரண்டு கிழமை நல்லபடி போனது. தில்லையம்பலம் கூட்டினார், கழுவினார், தேங்காய் துருவினார். ஜெயந்தா பாயில் படுத்து இறுக்கினாள், விட்டாள், எண்ணினாள். மூன்றாம் கிழமை ஒரு வியாழக்கிழமை, தில்லையம்பலம் கண் காட்டுவதற்காக யாழ்ப்பாணம் போன நேரம், தெருவில் தண்ணிப் பவுசர் லொறியின் கோர்ண் கேட்டது.

வெளியூர் ஆட்களுக்கு இது விளங்காது. புங்குடுதீவில் கிணறு இல்லாமலில்லை, கிணற்றில் வருகிறது சவர்த் தண்ணி. குடிக்கிற நல்ல தண்ணி பவுசரில்தான் வரும், வருகிற நாளில் பிடிக்க வேண்டும். செத்தவீட்டில் அழுதுகொண்டிருக்கிற பொம்பிளைகூட பவுசர் சத்தம் கேட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பிளாஸ்ரிக் கானோடு ஓடுவாள். தீவுக்காரியின் காலும் கையும் அப்படிப் பழகினவை. மனம் என்ன சொல்கிறது என்று அவை கேட்காது. வீட்டில் ஒரு கான் நிறையத் தண்ணி இருந்தது. ஆனாலும் வெறுங்கானோடு பவுசரைப் போகவிட ஜெயந்தாவால் ஏலவில்லை. வெறுமையாகக் கிடந்த இருபது லீற்றர்க் கான் இரண்டையும் நிரப்பினாள். நிரப்பியதைத் தெருவில் விடுவதா? மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் குசினி வரைக்கும் தூக்கி வந்தாள்.

பின்னேரம் கீழே ஏதோ இறங்கி நிற்கிற மாதிரிப் பாரம். அடுத்தநாள் காலமை ஒரு சின்னத் தும்மலுக்கே சேலை நனைந்தது. மூன்று கிழமைப் பாடு ஒரு தும்மலில் போனது. மெசினுக்கு மேல் கிடந்த காட்டைப் பார்த்துக்கொண்டு ஜெயந்தா விம்மி விம்மி அழுதாள். இனி ஆவணிக்குள் எங்கே?

தில்லையம்பலம் அவளை அடுத்த பஸ்ஸில் பிரியவதனியிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பிள்ளை ஏசவில்லை. சோதித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் கெட்டுப்போகவில்லை, இரண்டு மூன்று நாள் ஆறுதலாக இருந்துவிட்டுத் திரும்பத் தொடங்கலாம் என்றது. பிறகு கேட்டது:

"வெளிக்குச் சரியாப் போகுதோ அன்ரி?"

"கொஞ்சம் இறுக்கம்தான். முக்கித்தான்..."

"தண்ணி எவ்வளவு குடிக்கிறியள்?"

"குடிக்கிறன் பிள்ளை."

"எத்தினை பேணி?"

ஜெயந்தா நிலத்தைப் பார்த்தாள். தில்லையம்பலம்தான் வாய் திறந்தார். "ரெண்டு. தேத்தண்ணியோட சேத்து ரெண்டரை. நல்ல தண்ணியை ஆரும் வந்தால் குடுக்கவேணுமெண்டு மூடி வைக்கிறவ."

பிரியவதனி பேனையை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அன்ரி, குடிக்காத தண்ணிக்கோ நாப்பது லீற்றர் தூக்கினனீங்கள்?"

கேட்ட பிறகுதான் ஜெயந்தாவுக்கே அது உறைத்தது. அவளுடைய தாய் நல்ல தண்ணீரை வந்தவர்களுக்கு வைத்தாள், பிள்ளைகளுக்கு வைத்தாள், தனக்கு மட்டும் மூடிவைத்தாள். அக்காவும் அப்படித்தான். தண்ணி குறைத்தால் சலம் குறையும் என்று ஒன்பது வருடமாக அவள் தனக்குத்தானே சொல்லியும் வைத்திருந்தாள். குறைக்கக் குறைக்க சலம் தடித்து இன்னும் அவசரப்படுத்தும், மலம் இறுகும், முக்க முக்கத் தசை தொய்யும் என்று பிரியவதனி மெல்ல விளக்கினாள். ஜெயந்தாவுக்குத் தன்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

வீட்டுக்கு வந்ததும் தில்லையம்பலம் விசயத்தைக் கையில் எடுத்தார். அடுத்தநாள் விடிய எழும்பி, பேணி நிறைய நல்ல தண்ணியோடு வந்து, இருபத்தெட்டு வருடம் பஸ்ஸில் கத்திய அதே குரலில் முதல் தரிப்பைக் கத்தினார்.

"பண்ணை! பண்ணை இறக்கமிருக்கோ!"

ஜெயந்தா திடுக்கிட்டு எழும்பினாள். "உங்களுக்கென்ன விசரே?"

"குடியும். பஸ் வெளிக்கிடோணும்."

இரண்டாம் பேணிக்கு மண்டைதீவுச் சந்தி. மூன்றாவது அல்லைப்பிட்டி. மத்தியானச் சாப்பாட்டோடு மண்கும்பான், பிறகு சாட்டி, பின்னேரத் தையலுக்கு முன் வங்களாவடி, பிறகு மடத்துவெளி. பொழுதுபட முன்னம் குறிகட்டுவான். "எல்லாரும் இறங்குங்கோ!" அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, அண்ணைக்குத் தலை சுகமில்லையோ என்று கேட்டாள்.

அந்தக் குரலுக்குத்தான் ஜெயந்தா ஒருகாலத்தில் விழுந்தாள். பத்தொன்பது வயதில், தையல் வகுப்புக்கென்று விடிய லோஞ்சில் வந்து, குறிகட்டுவானில் பஸ் பிடிப்பாள். கூட்டம் நெரியும். மெலிந்த, சுருட்டைமுடிக் கொண்டக்டர் ஒருவர், "நெடுந்தீவு ஆக்கள் கடல் கடந்து வந்தவை, இருக்க விடுங்கோ" என்று சத்தம் போட்டு அவளுக்கும் அக்காவுக்கும் சீற் எடுத்துத் தருவார். துணைக்கு வருகிற அக்காவுக்கு முதல் நாளே விளங்கிவிட்டது. "உவன் நெடுந்தீவு ஆக்களுக்கெல்லாம் சீற் குடுக்கேல்லையடி" என்று காதுக்குள் சொல்லிக் கிள்ளினாள். அப்பாவிடம் சண்டை பிடித்து இந்தக் கலியாணத்தைச் செய்து வைத்ததும் அவள்தான். மடத்துவெளிப் பேணியைக் குடிக்கும்போதெல்லாம் ஜெயந்தாவுக்கு அக்காவின் அந்தக் கிள்ளல் நினைவுக்கு வந்தது. இப்படிப்பட்டவள் எப்படிக் காட்டை ஆள்மூலம் கொடுத்துவிட்டாள்?

ஆடி பிறந்தபோது வெளிக்குப் போவது இலேசானது. ஒருநாள் மிளகாய் வறுக்கிற நேரம் தொடர்ந்து மூன்று தும்மல் தும்மிவிட்டு, ஜெயந்தா அசையாமல் நின்றாள். ஒன்றுமில்லை. நனையவில்லை. குசினிக்குள் தனியாக நின்று கும்பிட்டாள். அவசரம் வந்தால் ஓடாமல், கதிரையில் கால் ஊன்றி இருந்து, சின்னச் சின்னதாக இறுக்கி விட்டு, அது அடங்கும்வரை பார்க்கப் பழகினாள். முதலில் அரை மணித்தியாலம், பிறகு முக்கால், கடைசியில் மணிக்கூட்டைப் பார்த்து ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும்.

பன்னிரண்டாம் கிழமை பிரியவதனி, "போயிட்டு வாங்கோ அன்ரி" என்றாள். ஏறமுன் ஒருதரம் போய்விட்டு ஏறவேண்டும், லோஞ்சின் நடுவில் இருக்கவேண்டும், நா வறளவிடாமல் மிடறு மிடறாகக் குடிக்கவேண்டும். பெட்டியை மற்றவர்கள் தூக்கட்டும்.

கலியாணத்துக்கு நாலு நாள் முன்னம் பலகாரச் சூடு. சின்னம்மாக்காரி இல்லாமல் பலகாரச் சட்டி அடுப்பில் ஏறக்கூடாது. ஜெயந்தா அன்று காலமை லோஞ்சில் ஏறினாள். சோளகம் அன்றைக்கும் அடித்தது. தில்லையம்பலம் பெட்டியோடு பக்கத்தில் இருந்தார். லோஞ்சு முதல் தரம் தூக்கிக் குத்தியபோது அவளுக்கு உயிரே போய்வந்தது. மூச்சை விட்டாள், இறுக்கினாள், தளரவிட்டாள். பாதிக் கடலில் ஒருமுறை அவசரம் வந்தது. காலை ஊன்றிக்கொண்டு அது அடங்கும்வரை பார்த்திருந்தாள், அடங்கியது. நெடுந்தீவின் பனைகள் கடலுக்கு மேலால் எழும்பி வரவரக் கண் நிறைந்து வழிந்தது. மாவிலித்துறையில் காய்ந்த சேலையோடு இறங்கினாள்.

அக்காவின் வீட்டு முற்றத்தில் பெரிய தாச்சியில் எண்ணெய் கொதித்தது. சறோஜினிதேவி அரியதரம் தட்டிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்திட்டியோ. காய்ச்சல் ஒண்டும் இல்லையோ இந்த முறை?"

"இல்லை அக்கா."

"அங்கால இரு. மாவைக் குழை."

அவ்வளவுதான் வரவேற்பு. ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஒரு கையைப் பிடித்தல்கூட இல்லை. ஜெயந்தாவுக்கு, எதற்கு வந்தேன் என்றிருந்தது. முட்டுப்பட்ட சனத்துக்குள் இருந்து மாக் குழைத்தாள். அடுப்புப் புகை சுழன்று வீசியபோது சறோஜினிதேவிக்கு இருமல் வந்தது. அவள் சட்டென்று எழும்பி, வளைத் தூணைப் பிடித்து, ஒரு காலை மற்றக் காலோடு பின்னிக்கொண்டு இருமினாள். இருமி முடிந்ததும், ஒருவரையும் பாராமல், சேலையின் பின்பக்கத்தை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு வந்து குந்தினாள்.

ஜெயந்தாவின் கை மாவில் அப்படியே நின்றது. அந்தக் கால் பின்னலை ஒன்பது வருடம் பின்னினவள் அவள்.

"அக்கா, கிணத்தடிக்கு ஒருக்கா வாங்கோ."

"பலகாரம் கருகுமடி."

"கருகட்டும்."

கிணற்றடியில் வாழைகளுக்கு மறைவாக நின்று, ஜெயந்தா ஒரே மூச்சில் சொன்னாள். "மூத்தவளின்ர கலியாணத்துக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை. லோஞ்சில இருக்கேலாது அக்கா. சலம் போயிடும். வெட்கத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதுதான் வரேல்லை. அதுக்காகத்தான் வரேல்லை."

சறோஜினிதேவி வாழையிலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் ஒரு கீற்றைக் கிழித்தபடி கேட்டாள்.

"அப்ப இண்டைக்கு என்னெண்டடி ஒரு மணித்தியாலம் இருந்தனி?"

"அதுக்கு ஒரு பிள்ளை இருக்கு, யாழ்ப்பாணத்தில. பழக்கித் தந்தது."

"எனக்கு முழங்காலில ஒரு வருத்தமுமில்லையடி," என்றாள் சறோஜினிதேவி. அவளுடைய வாய் கோணியது. "பன்ரண்டு வருசமா எனக்கும் உதுதான். கடைசிப் பிள்ளையோட கீழ இறங்கத் தொடங்கினது, இப்ப நல்லா முத்திப்போச்சு. கஜானின்ர கலியாணத்துக்குச் சேலை கட்டி, பூ வைச்சு, வெளிக்கிட்டு நிண்டு அழுதனான். உனக்குக் காட்டைக் குடுத்துவிட எனக்கு மனம் வருமோ? வெத்திலைத் தட்டமும் கையுமா மூண்டு நாள் துறைக்குப் போனனான். மூண்டு நாளும் லோஞ்சு வெளிக்கிடுமட்டும் நிண்டு பாத்துப்போட்டுத் திரும்பி வந்தனான். பிறகுதான் அம்புறோஸிட்டக் குடுத்தனான்."

இரண்டு பேரும் ஒரே வருத்தத்தை வைத்துக்கொண்டு, இரண்டு கரையில் நின்று ஒருத்தியை ஒருத்தி திட்டியிருக்கிறார்கள்! ஜெயந்தா மாக் கையோடு அக்காவைக் கட்டிப் பிடித்தாள். எவ்வளவு நாள், எவ்வளவு நல்லநாள் பெருநாள் வீணாகப் போயிற்று என்று நினைக்க நினைக்க அவளுக்கு மனம் ஆறவில்லை. இருவரும் சத்தம் வராமல் அழுதார்கள்.

"அந்தப் பிள்ளை என்னையும் பாக்குமோ? அறுபத்தி நாலு எனக்கு."

"பாக்கும் அக்கா. கிளினிக்கில டொக்டரிட்ட முதல் காட்டுவம். கலியாணம் முடிய வாற கிழமையே போவம்."

"போறதுக்கு லோஞ்சில ஏறோணுமே," என்றாள் அக்கா, சின்னப்பிள்ளையைப் போல.

"ஏறுங்கோ. நான் பக்கத்தில இருப்பன். நனைஞ்சால் ரெண்டு பேருமா அலை அடிக்கிற பக்கம் போய் நிப்பம். முழுக்க நனைஞ்சு இறங்குவம்."

சறோஜினிதேவி அழுகையோடு சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் கிணற்றுக் கட்டைப் பிடித்துக் காலைப் பின்னிக்கொண்டாள். "எடி, சிரிப்புக் காட்டாதை, போகப்போகுது!" என்றாள்.

"போகட்டும் அக்கா," என்றாள் ஜெயந்தா. "இஞ்ச நான்தானே நிக்கிறன்."